வரிசை கலைந்தால் அழுகிற பையன்

ஆயக்குடியில் விடிகாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் வேலை மூக்குக்குத்தான். சாலையோரச் சந்தையில் கொய்யா குவிந்து கிடக்கும். பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு பயணம் செய்கிறவர்கூட வாசனையை வைத்து ஊர்ப் பேரைச் சொல்லிவிடலாம். அந்தச் சந்தையில் என் அக்கா முப்பது வருஷமாகக் காய் வாங்கி விற்கிறாள். இந்த வாரம் அவள் பேரனைப் பற்றி.

பையனுக்கு அப்போது இரண்டரை வயது. அக்கா கொட்டி வைத்த குவியலிலிருந்து காயை எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்குவான். பெரிது, அதைவிடச் சின்னது, அதைவிடச் சின்னது. ஒரு மணி நேரமானாலும் இடத்தை விட்டு அசைய மாட்டான். "யாவாரிக்குப் பொறந்ததாச்சே, தரம் பிரிக்குது பாருங்க" என்று சந்தையே மெச்சியது. நானும் மெச்சி, மொபைலில் வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நடுவிலிருந்து யாராவது ஒரு காயை உருவினால் மட்டும் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுவான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பேச்சும் வரவில்லை.

பேச்சு வராததற்கு ஊரில் பதில் தயாராக இருந்தது. "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்." "அவங்கப்பனே நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்." வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவினார்கள். பழனி மலைக்கு மொட்டை நேர்ந்துகொண்டார்கள். பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் மூன்று நிமிஷம் பார்த்துவிட்டு டானிக் எழுதிக் கொடுத்து, "வளர வளரச் சரியாயிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பியதில் ஒரு வருஷம் போயிற்று. வசம்பை நான் குறை சொல்ல மாட்டேன். அது யாரையும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லவில்லை.

கண்டுபிடித்தது அங்கன்வாடி ஊழியர். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்கிற குழந்தை நலத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறையும் வந்து, 32 வகைக் குறைபாடுகள் உண்டா என்று பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நல்ல திட்டம். ஆனால் ஒரு காலைப்பொழுதில் அத்தனை பிள்ளைகளின் எடையையும் பல்லையும் கண்ணையும் பார்க்கிற அவசரத்தில், மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை 'சமத்து' என்று பேர் வாங்கித் தப்பிவிடும். தினமும் பார்க்கிற அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்தது. "மத்த புள்ளைங்களோட ஒட்டவே மாட்டேங்கிறானுங்க. திண்டுக்கல்லுக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போங்க" என்றார். மாவட்டத்துக்கு ஒன்றாக ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. குழந்தை டாக்டர், காது, பேச்சு, மனநலம், பயிற்சி எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆயக்குடியிலிருந்து திண்டுக்கல் 50 கிலோமீட்டருக்கு மேல். அக்கா ஒருநாள் கடையைச் சாத்தினாள். அவள் மகள், பையன், நான் என்று நாலு பேராகக் கிளம்பினோம்.

"மனசுக்கு டெஸ்ட்" என்று சொல்லித்தான் கிளம்பினோம். ஆனால் முதலில் பார்த்தது காதை. பேர் சொன்னால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று தெரியாமல் வேறு எதையும் முடிவு செய்ய முடியாது. 'பெரா' என்கிறார்கள். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் சத்தம் விட்டு, மூளைத்தண்டு பதில் சொல்கிறதா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். முந்தின ராத்திரி பையனைத் தூங்க விடாதீர்கள் என்று சொல்லியனுப்புவார்கள். அதற்காக இன்னொரு தடவை பஸ் ஏறினோம். காதில் குறை இல்லை.

அடுத்தது சைக்காலஜிஸ்ட் அறை. நான் என்னவோ கருவி எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மேசை, நாலு நாற்காலி, மரப்பலகை ஒன்று. பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பத்துக் குழிகள், பொருத்துவதற்குப் பத்துக் கட்டைகள். கட்டைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டு, "சீக்கிரம் போடு கண்ணு" என்று ஸ்டாப் வாட்சை அமுக்குகிறார்கள். மூன்று முறை. பையன் மளமளவென்று போட்டு முடித்தான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மூன்று முறையும் பையன் அவர் முகத்தை ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு கேள்விகள். தலை எப்போது நின்றது, எப்போது நடந்தான், மிட்டாய்த் தாளைத் தானே பிரிப்பானா, வெளிக்கு வந்தால் சொல்வானா.

"தானா சாப்பிடுவானாங்க?"

"சாப்பிடுவான் மேடம்" என்றாள் பையனின் அம்மா.

அக்கா அடிக்குரலில், "நாமதான கண்ணு ஊட்டறோம்" என்றாள்.

அறை ஒரு கணம் அமைதியாக இருந்தது. பெற்ற பிள்ளைக்காகச் சொன்ன பொய். பரீட்சை என்று நினைத்துவிட்டாள், மார்க் குறையக் கூடாதே என்ற பயம். சைக்காலஜிஸ்ட் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊட்டறது தப்பில்லம்மா. நம்ம வீடுகள்ல அஞ்சு வயசு வரைக்கும் ஊட்டறோம். அவனால முடியலையா, நாம விடலையா, அதுதான் எனக்குத் தெரியணும்" என்றார். என்னைக் கேட்டால் அந்த மதிப்பீட்டிலேயே முக்கியமான கேள்வி அதுதான். கேட்கிற பட்டியல்களில் பல வெளிநாட்டில் பிறந்து இங்கே தைத்துத் திருத்தியவை. காக்கா காட்டி நிலா காட்டி ஊட்டுகிற ஊரில் 'தானாகச் சாப்பிடுவதில்லை' என்பதற்கு வேறு அர்த்தம் உண்டு. அந்த வித்தியாசம் தெரிந்தவர் பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

கடைசியில் ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோல். 2009-இல் வெளிவந்தது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. எங்கள் பையன் லேசான வகை.

இந்த அளவுகோலுக்கு ஒரு பின்கதை உண்டு. 1995-இன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லவே இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பேர் இருந்தும், சான்றிதழ் கொடுக்க அளவில்லை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் ஏழாக இருந்த பட்டியலை 21 ஆக்கியது; ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் உள்ளே வந்தன. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே பையன் 'ஒரு மாதிரி' என்ற பேரோடு கொய்யாத் தோப்பில் காவலுக்கு உட்கார்ந்திருப்பான். அப்படி உட்கார்ந்திருந்தவர்களை நம் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்: மதிப்பீடு வேறு, சான்றிதழ் வேறு. 40 சதவீத ஊனம் என்கிற கணக்கும் அடையாள அட்டையும் உதவித்தொகையும் பிறகு வரட்டும். கிடைக்க வேண்டியதை வாங்க வேண்டும், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் மதிப்பீடு சொல்வது பையன் இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறான், அடுத்த படி எது என்பதை. எங்களுக்குச் சொன்ன அடுத்த படி சின்னதுதான்: வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறவனை விரல் நீட்டிக் கேட்க வைக்க வேண்டும். பேச்சு அதற்கப்புறம். ஆறு மாசத்தில் குணமாக்குகிறோம், மொத்தமாகப் பணம் கட்டுங்கள் என்று ஒரு தனியார் இடத்தில் எங்களிடமும் சொன்னார்கள். இது குணமாக்குகிற காய்ச்சல் அல்ல. நல்லவேளையாக அக்கா பேரம் பேசிப் பழகியவள்; எழுந்து வந்துவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா சேத்துக்க மாட்டாங்களே மாமா" என்று திரும்பும் பஸ்ஸில் அக்கா மகள் அழுதாள். மனநலச் சிகிச்சை விவரம் ரகசியம் என்கிறது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஊனத்தைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2016-இன் சட்டம். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2015-16-இன் தேசிய மனநல ஆய்வில் 13 முதல் 17 வயதுக்குள் 100-க்கு 7.3 பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களை விட்டு ஒதுங்கினால் அது 'வயசுக் கோளாறு' இல்லை. வாயால் பதில் சொல்லி, எழுதும்போது எழுத்துகளை விழுங்குகிற பிள்ளை சோம்பேறியும் இல்லை. கற்றல் குறைபாடு உறுதியானால் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதும் ஆளும் கேட்டுப் பெறலாம். மாவட்ட மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று பழனி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். எங்கே போவதென்றே தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள்; எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம், காசில்லை.

போகும்போது என்ன கொண்டுபோவது என்று கேட்பவர்களுக்கு: தடுப்பூசி அட்டை, பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு, பையன் ஒருநாள் முழுக்க என்னென்ன செய்கிறான் என்று ஒரு பக்கம் எழுதிய நோட்டு. பிறகு மொபைல். திண்டுக்கல்லில் அத்தனை சோதனையும் முடிந்த பிறகு, சந்தையில் எடுத்த வீடியோ ஞாபகம் வந்து எடுத்துக் காட்டினேன். பையன் காய் அடுக்குகிறான், பின்னால் நான் சிரிக்கிற சத்தம், யாரோ ஒரு காயை உருவுகிறார்கள், அவன் தரையில் முட்டிக்கொள்கிறான். அங்கிருந்த டாக்டர் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். எந்தத் தேதியில் எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். பதினாலு மாசம் ஆகியிருந்தது.

அப்படி ஒரு வீடியோ உங்கள் மொபைலில் இருந்தால் இந்த மாசமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

(தொடரும்)