எந்தச் சிறகு யாருக்கு?

பறக்க வேண்டுமென்ற ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. பறக்கும் கருவியை மடித்துப் பைக்குள் வைத்து முதுகில் சுமந்து செல்லும் சௌகரியமோ நேற்று வந்தது. 1978-ஆம் வருஷத்தில், பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலையிலுள்ள மியூஸி என்னும் கிராமத்தில், பாராசூட் வீரர்கள் சிலர் விமானத்திலிருந்து குதிப்பதை விட்டு, மலைச் சரிவில் ஓடியே பாராசூட்டை விரித்து மேலே கிளம்பினார்கள். அதன் வளர்ச்சியே பாராகிளைடர். எஞ்சின் கிடையாது, சட்டம் கிடையாது. இரண்டு அடுக்குத் துணியை அறை அறையாகத் தைத்து, முன்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். காற்று புகுந்து நிறைந்தால் அது சிறகு; காற்று போய்விட்டால் வெறும் துணி.

ஹிமாசலப் பிரதேசத்தில் பில்லிங் என்ற இடத்தில் சுமார் 2,400 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பி, ஆயிரம் மீட்டர் கீழேயுள்ள பீர் கிராமத்தில் இறங்குகிறார்கள். 2015-லும் 2024-லும் உலகக் கோப்பைப் பந்தயங்கள் அங்கே நடைபெற்றன. விடுமுறைக்கு அங்கே சென்று, பயிற்சி பெற்ற விமானியுடன் இருவர் சிறகில் சற்று நேரம் பறந்து வந்த நம் வீட்டுப் பிள்ளை, முறையாகக் கற்றுக்கொண்டு சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடப் போவதாகச் சொல்கிறான். பெற்றோர் உடனே கேட்பது, "என்ன விலை?" என்பதுதான். அதற்கு முன்பு, "எந்த வகுப்பு?" என்று கேட்பது நல்லது.

சிறகுகளை ஐரோப்பியத் தரவிதி ஒன்றின்படி ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். இவற்றுக்கும் மேலே பந்தயக்காரர்களுக்கென்று சி.சி.சி. என்ற தனி வகுப்பு உண்டு. மதிப்பெண் போட்டே காலம் கழிக்கும் நம் போன்றவர்களுக்கு ஏ என்றால் முதல் தரம், டி என்றால் தேறாதது. இங்கே அந்தக் கணக்குச் செல்லாது. அனுபவமுள்ள சோதனை விமானி ஆகாயத்திலே வேண்டுமென்றே சிறகின் ஒரு பக்கத்தை இழுத்து மடக்குகிறார். முன் விளிம்பைச் சரியச் செய்கிறார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, அது தானாக நிமிர எத்தனை விநாடி ஆகிறது, அதற்குள் எவ்வளவு தூரம் திரும்பிவிடுகிறது என்று பார்க்கிறார். சாதுவாகத் தானே நிமிர்ந்துகொள்வது ஏ. துள்ளிப் பாய்ந்து, விமானியின் சரியான கைவேலையை உடனே எதிர்பார்ப்பது டி. ஆகவே இந்த எழுத்துக்கள் சிறகின் குணத்தைச் சொல்லுகின்றனவே தவிர, வாங்குபவரின் அந்தஸ்தை அல்ல.

அப்படியானால் எல்லோரும் ஏ வகுப்பையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். சாதுவான சிறகு ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய எட்டு மீட்டர் முன்னே செல்லும். பந்தயச் சிறகு பதினொன்றுக்கும் மேல் செல்லும். வேகமும் அதற்கே அதிகம். நீண்டு குறுகிய உருவமும் குறைந்த கயிறுகளுமே இதற்குக் காரணம். ஆனால் நீண்டு குறுகியது மடங்கினால், அதன் நுனி தன் கயிறுகளிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அப்படிச் சிக்கினால் சிறகு சுழலத் தொடங்கும். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசமில்லை; கை தானாக வேலை செய்ய வேண்டும்.

தேர்ந்த கைகளுக்கும் எல்லை உண்டு. 2011-ஆம் வருஷம் ஸ்பெயின் தேசத்தில் பியத்ரஹீத்தா என்னுமிடத்தில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இருவர் உயிரிழந்தனர். போட்டி பாதியில் நிறுத்தப்பட்டது. பிறகு, சோதனைச் சான்று பெறாத பந்தயச் சிறகுகளை அத்தகைய போட்டிகளில் அனுமதிப்பதில்லை என்று சர்வதேச விமான விளையாட்டுச் சம்மேளனம் முடிவு செய்தது. உலகத்தின் பொறுக்கியெடுத்த விமானிகளுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், நேற்றுக் கற்றுக்கொண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்தை மட்டும் நம்புவதும் போதாது. சோதனை அமைதியான காற்றிலே நடக்கிறது. சிறகு எந்தக் கணத்தில் மடங்கும் என்பது சோதிப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். சித்திரை மாதத்து நடுப்பகலில் மலைச் சரிவிலிருந்து கொதித்தெழும் காற்று யாருக்கும் முன்னறிவிப்புத் தருவதில்லை. மேலும், பி வகுப்பு மிக விசாலமானது. அதன் கீழ்க்கோடியில் உள்ளது ஏ-க்கு உடன்பிறப்பு. மேற்கோடியில் உள்ளது சி-க்கு அண்டை வீட்டுக்காரன். எழுத்து ஒன்றாயினும் சிறகு ஒன்றல்ல.

எத்தனை வருஷமாகப் பறக்கிறீர் என்பதைவிட, சென்ற ஆறு மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தீர் என்பதே பயனுள்ள கேள்வி. வருஷத்துக்கு ஒரு விடுமுறை மட்டும் பறப்பவர், பத்து வருஷ அனுபவம் இருந்தாலும், ஏ வகுப்பிலோ சாதுவான பி-யிலோ இருப்பதே மேல் என்பது நம் அபிப்பிராயம். பள்ளிக்கூடங்களில் 'டபிள் பிரமோஷன்' கேட்டு வரும் தகப்பனார்களை நாம் கண்டிருக்கிறோம். வகுப்பு உயர்ந்துவிடும், கணக்குத்தான் பின்தங்கிவிடும். சிறகைக் கண்டு பயப்படுபவரின் கவனம் முழுவதும் சிறகின்மேலேயே செலவாகிறது. காற்றைப் படிக்க மிச்சமிருப்பதில்லை.

அடுத்தது எடை. பலர் இதில் தவறுகிறார்கள். சிறகின்மேல் குறித்திருப்பது பெரும்பாலும் ஆளின் எடை அன்று. ஆள், ஆசனம், சிறகு, அவசரப் பாராசூட், உடுப்பு எல்லாம் சேர்ந்த மொத்த எடை. 65 கிலோ உள்ளவர் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டு நின்றால் 80 முதல் 85 கிலோ வரை வரும். 75 முதல் 95 வரை என்று குறித்த சிறகு அவருக்குப் பொருந்தும். சிறகு பெரிதாகிவிட்டால் அது தளர்ந்து எளிதில் மடங்கும், எதிர்காற்றில் முன்னேறாது. மிகவும் சிறிதாகிவிட்டால் வேகமும் மடங்கும்போது துள்ளலும் கூடும். அண்ணனுடைய சிறகைத் தம்பிக்குக் கொடுப்பது சட்டை கொடுப்பது போன்றதல்ல.

பழைய சிறகு வாங்குவதிலே இன்னொரு சிக்கல். தேர்ந்த விமானி புதியது வாங்குவதற்காகத் தம்முடைய சி வகுப்புச் சிறகை மலிவாக விற்கிறார். மலிவு தேடி வருபவரோ பெரும்பாலும் புதியவர்தான்! விலையும் வகுப்பும் இப்படி எதிரெதிராக இழுக்கும்போது வகுப்பின் பக்கமே நிற்க வேண்டும். வெயிலில் கிடந்த துணி நாளடைவில் காற்றைக் கசிய விடும். கயிறுகளின் நீளம் மாறும். இவற்றைக் கருவிகொண்டு அளந்த அண்மைக் காலத்துப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லையென்றால் பரிசோதனைச் செலவை விலையில் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்குமுன், உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியரிடம் சிறகைக் காட்டுங்கள். அவரே விற்பவராகவும் இருந்தால் வேறொரு ஆசிரியரிடம் காட்டுங்கள். பிறகு மிதமான காற்று வீசும் சமவெளி ஒன்றில், அவர் அருகில் நிற்க, ஒரு மணி நேரம் அதைத் தலைக்குமேல் எழுப்பி நிறுத்திப் பாருங்கள். அங்கேயே அது உங்களை இழுத்துக்கொண்டு போனால், பேரத்தை நிறுத்திவிட்டு அடுத்த சிறகைப் பார்க்கலாம்.