முதுமையிலும் நோயின்றி வாழ வழி என்ன? குன்னூர் எலிகள் சொன்ன பாடம்!

ஏறத்தாழ ஆயிரம் எலிகள்!

இரண்டேகால் ஆண்டுக் காலம் அவற்றைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார்கள். நோய் என்று ஓர் எலியும் படுக்கவில்லை. வளர்ந்த எலி ஒன்றுகூட நோயால் சாகவில்லை.

எலிக்கு இரண்டு வயது ஆனால், மனிதனுக்கு ஏறக்குறைய 50 வயது ஆனதற்குச் சமம் என்பது அந்த ஆராய்ச்சியாளரின் கணக்கு. ஓர் ஊரில் 50 வயது வரை ஒருவரும் நோயில் படுக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட அதிசயம் அது!

இது நடந்த இடம் எங்கோ வெளிநாடு அல்ல. நீலகிரி மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் குன்னூர்தான்.

ஒற்றை அறையில் தொடக்கம்

குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்க 1907-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிலையம் அது. 1918-ம் ஆண்டில் அதன் ஓர் அறையில் வேறோர் ஆராய்ச்சி தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ராபர்ட் மக்காரிசன் என்ற டாக்டர். அயர்லாந்தில் பிறந்தவர்.

இவர் சாதாரண ஆள் அல்ல. இமயமலைப் பக்கம் கில்கிட் என்ற ஊரில் வேலை பார்த்தபோது, அங்கே பலருக்குக் கழுத்தில் கழலை இருப்பதைக் கண்டார். குடிதண்ணீர்மீது சந்தேகம் வந்தது. அந்த அழுக்குத் தண்ணீரின் வண்டலைத் தாமே குடித்துப் பார்த்தார்! அவருக்கும் கழுத்து வீங்கியது.

கில்கிட்டுக்கு அருகே ஹுன்சா என்ற மலைநாடு. அங்குள்ள மக்கள் நல்ல திடகாத்திரமாக இருந்தார்கள். வயதானவர்களும் மலை ஏறி இறங்கினார்கள். (அவர்கள் 120 வயது வாழ்ந்தார்கள் என்று பிற்காலத்தில் பலர் கதை கட்டினார்கள். அதற்குச் சான்று இல்லை.)

“இவர்களுக்கு மட்டும் ஏன் இந்த உடல்கட்டு? சாப்பாடுதான் காரணமோ?”

இந்தக் கேள்வி மக்காரிசனை விடவில்லை. அதற்கு விடை தேடத்தான் அவர் குன்னூரில் எலிகளை வளர்த்தார்.

ஆராய்ச்சிக்கு ஆபத்து

பாதி வழியில் ஓர் இடி விழுந்தது. 1923-ம் ஆண்டில் அரசாங்கம் சிக்கன நடவடிக்கை எடுத்தது. “இந்த ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை” என்று நிறுத்திவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடியும் உயிர் வந்தது. பின்னர் அது “உணவு ஆராய்ச்சிக்கூடம்” என்று தனி நிலையமாக வளர்ந்தது.

எந்த ஊர்ச் சாப்பாடு நல்லது?

மக்காரிசன் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு. இன்னொன்றுக்கு மராட்டியர் சாப்பாடு. மற்றொன்றுக்கு வங்காளிகள் சாப்பாடு. ஒரு கூட்டத்துக்கு நம் சென்னை மாகாணத்துச் சாப்பாடு!

சில மாதங்கள் கழித்து எலிகளை நிறுத்துப் பார்த்தார்.

சீக்கியர் சாப்பாடு தின்ற எலி சராசரியாக 235 கிராம் இருந்தது. நம் சாப்பாடு தின்ற எலியோ 155 கிராம்தான். கடைசி இடம் நமக்கு!

என்ன வித்தியாசம்? சீக்கியர் உணவில் முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி இருந்தன. நம் உணவில் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறுதான் மலைபோல் இருந்தது. பாலும் காய்கறியும் பேருக்குத்தான்.

நோயே அறியாத அந்த ஆயிரம் எலிகள் தின்றது என்ன? சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பால், பச்சைக் காரட், முட்டைக்கோசு, வாரம் ஒருமுறை கொஞ்சம் இறைச்சி. அதோடு சுத்தமான கூண்டு, வெளிச்சம், காற்று. அவ்வளவுதான்! குறைவான சத்துள்ள உணவைத் தின்ற மற்ற எலிகளுக்கோ நுரையீரல் நோய், வயிற்றுப்புண், பல் நோய் என்று வரிசையாக வந்தன.

அரிசி கெட்டதா?

அப்படியானால் அரிசியே வேண்டாமா? அப்படி இல்லை.

அரிசியின் மேல் தவிட்டில் ‘பி-1’ என்ற வைட்டமின் இருக்கிறது. ஆலையில் நன்றாகத் தீட்டினால் அது போய்விடும். அந்த அரிசியே கதி என்று வாழ்பவர்களுக்குக் கால் வீங்கும். இதயம் தளரும். ‘பெரிபெரி’ என்ற நோய் அது.

ஆனால் நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால், அந்தச் சத்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் செய்த புழுங்கல் அரிசிதான் அது! பச்சரிசி உண்ட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்நாட்டில் அது குறைவு. மக்காரிசனுக்குப் பிறகு 1935-ம் ஆண்டில் பொறுப்பேற்ற ஐக்ராயிட் காலத்திலும் இந்த அரிசி ஆராய்ச்சி குன்னூரில் நடந்தது.

டாக்டர்களுக்குப் பள்ளிக்கூடம்

டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் குன்னூருக்கு வந்து மறுபடி மாணவர்கள் ஆனார்கள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்களும் சுகாதார அதிகாரிகளும் வந்து உணவைப் பற்றிப் பயிற்சி பெற்றார்கள்.

அங்கு வந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த கோபாலன். சென்னையில் டாக்டருக்குப் படித்து எம்.டி. பட்டம் பெற்றவர். லண்டனில் இன்னும் ஒரு பட்டம் பெற்றவர். இத்தனை படித்தும் அவர் பணம் கொழிக்கும் வைத்தியத் தொழிலுக்குப் போகவில்லை. நேரே குன்னூருக்கு வந்தார்.

கை கால் வீங்கி, எலும்பும் தோலுமாக இருந்த ஏழைக் குழந்தைகளின் நோயை ஆராய்ந்தார். “புரதம் மட்டும்தான் குறை” என்று உலகம் சொன்னது. “முதலில் வயிறு நிறையச் சாப்பாடு இல்லை. அதுதான் குறை” என்பதைக் கோபாலனும் அவருடைய குழுவினரும் பிற்பாடு எடுத்துக் காட்டினார்கள்.

1958-ம் ஆண்டில் ஆராய்ச்சிக்கூடம் ஐதராபாத்துக்கு மாறியது. அது பின்னர் தேசிய உணவியல் நிறுவனம் ஆயிற்று. கோபாலன் அதன் இயக்குநர் ஆனார். குழந்தைகளின் கண்பார்வையைக் காக்க வைட்டமின் ‘ஏ’ கொடுக்கும் திட்டத்துக்கும் அவருடைய நிலையத்தின் ஆராய்ச்சியே வழிகாட்டியது.

சாப்பாட்டை ஆராய்ந்த கோபாலன் எத்தனை வயது வாழ்ந்தார் தெரியுமா? நூறு வயது! 1918-ம் ஆண்டு நவம்பரில் பிறந்தவர், 2019-ம் ஆண்டு அக்டோபரில் காலமானார். குன்னூர் ஆராய்ச்சி தொடங்கியதும் அவர் பிறந்ததும் ஒரே ஆண்டில்தான்!

முதியோருக்குத் தனி மருத்துவம்

முதுமை ஒரு நோய் அல்ல. ஆனால் முதியவரின் நோயைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். வாலிபனுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்கும். முதியவருக்கோ வலியே இல்லாமல் மயக்கம் மட்டும் வரலாம்.

இதை உணர்ந்தவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1978-ம் ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1996-ம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல்! 2024-ம் ஆண்டில் கிண்டியில் முதியோருக்காகவே தேசிய மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது.

ஆனால் எத்தனை ஆஸ்பத்திரி வந்தாலும், முதுமைக்கான முதல் வைத்தியம் வீட்டு அடுப்பங்கரையில்தான் நடக்கிறது.

பாட்டியின் தட்டு

வயதானால் பசி குறையும். ஆனால் உடம்புக்கு வேண்டிய புரதம் குறையாது. அது கிடைக்காவிட்டால் தசை கரையும். கால் தள்ளாடும். விழுந்தால் எலும்பு முறியும்.

ஆகவே முதியவர்களுக்குச் சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். பல் இல்லையா? மசித்துக் கொடுங்கள். கீரை, மோர், முடிந்தால் ஒரு முட்டை சேருங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தினமும் கொஞ்ச தூரம் நடக்கட்டும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

குன்னூர் எலிகள் தின்ற காரட்டும் முட்டைக்கோசும் நீலகிரி மண்ணில் விளைபவை. அவை மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்குகின்றன. அவற்றை விளைவித்த கைகளுக்கும், தேயிலை பறித்துக் காய்த்துப்போன கைகளுக்கும் வயதாகிறது. அவர்கள் தட்டில் அந்தக் காய்கறி விழுகிறதா?

“எனக்கு எதற்கு? பிள்ளைகள் சாப்பிடட்டும்” என்று சொல்லி, கடைசியில் வெறும் சோறும் ரசமும் பிசைந்து உண்ணும் தாய் எல்லா வீட்டிலும் உண்டு. இன்று இரவு அவருடைய தட்டைப் பாருங்கள். ஒரு கரண்டி பருப்பும், ஒரு கரண்டி பொரியலும் அதில் வையுங்கள்.

எலிகள் கற்றுத் தந்த பாடம் அவ்வளவுதான்!