வீட்டிலேயே காடைக் குஞ்சு பொரிக்கலாம்

கோழிப் பண்ணை வைக்க இடமும் முதலும் இல்லாத சிறு விவசாயிகளுக்கு ஜப்பானியக் காடை வளர்ப்பு ஏற்ற உபதொழிலாகும். ஒரு கோழி வளரும் இடத்தில் எட்டு முதல் பத்துக் காடைகள் வளரும். பெட்டைக் காடை 6 அல்லது 7 வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 250 முட்டை வரை இடும்.

வயல் வரப்பில் காணப்படும் காட்டுக் காடை வேறு. அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். ஜப்பானியக் காடை 1974ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டது. தமிழகத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் நந்தனம் காடை, நாமக்கல் காடை ஆகிய இனங்களை உருவாக்கியுள்ளது.

முட்டைக்காக வளர்ப்போர் ஒவ்வொரு முறையும் குஞ்சுகளை விலைக்கு வாங்குவதை விட, சொந்தமாகப் பொரித்துக் கொண்டால் செலவு குறையும். ஆனால் ஜப்பானியக் காடை தன் முட்டையைத் தானே அடை காப்பதில்லை. பல தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்ததால் அந்தக் குணம் போய்விட்டது. சிறிய நாட்டுக் கோழியை அடையில் உட்கார வைத்தால் 15 முட்டை வரை வைக்கலாம். கனத்த கோழியானால் மெல்லிய ஓடு நொறுங்கிவிடும். பொரித்த குஞ்சு 7 கிராம்தான் இருக்கும். கோழியின் காலில் மிதிபடும். ஆகவே 50 முட்டைக்கு மேல் பொரிக்க விரும்புவோர் சிறிய இன்குபேட்டர் பெட்டி வைத்துக் கொள்வதே மேல்.

அடை வைக்கும் முறை

பொரிக்கும் முட்டைக்கு, மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் வீதம் விட வேண்டும். 10 வாரத்திலிருந்து 25 வாரம் வரை வயதுள்ள பெட்டைகளின் முட்டை நன்கு பொரிக்கும். முட்டைகளைக் கழுவக் கூடாது. ஈர மணல் மேல் வைத்த மண்பானை போன்ற குளிர்ந்த இடத்தில், கூர்முனை கீழே இருக்குமாறு வைத்து, ஏழு நாட்களுக்குள் அடை வைத்துவிட வேண்டும்.

மின்விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 99.5 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். விசிறி இல்லாவிட்டால், முட்டையின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து 101 முதல் 102 டிகிரி வரை பராமரிக்க வேண்டும். உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் இருப்பது அவசியம். முதல் 14 நாட்கள் தினமும் மூன்று அல்லது ஐந்து முறை முட்டைகளைத் திருப்பி வைக்க வேண்டும். 15ஆம் நாள் முதல் திருப்பக் கூடாது. தண்ணீர்த் தட்டை மட்டும் பெரிதாக்கி ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். குஞ்சு கத்தும் சத்தம் கேட்டவுடன் ஆவலில் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் உண்டு. ஈரம் வெளியேறி, ஓட்டின் உட்தோல் காய்ந்து, பாதி உடைத்த குஞ்சு அப்படியே ஒட்டிக் கொண்டு சாகும். மின்தடை வந்தாலும் பெட்டியைத் திறக்காமல் மேலே சாக்கு போர்த்தி வைத்தால் ஒரு மணி நேரம் வரை பாதகமில்லை. 17 அல்லது 18ஆம் நாள் குஞ்சுகள் வெளிவரும். உடல் உலர்ந்த பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

முதல் பத்து நாட்கள்

பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் இழப்பு ஏற்படும். தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்கிச் சாவது மிகச் சாதாரணம். தட்டில் கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் இது நின்றுவிடும். தரையில் பலர் செய்தித்தாளை விரிக்கிறார்கள். இந்த வேலைக்கு அது உதவாது. வழுவழுப்பில் கால்கள் பக்கவாட்டில் விரிந்து குஞ்சு முடமாகும். பழைய சாக்கே நல்லது. சுற்றிலும் ஓர் அடி உயர அட்டை கட்டி, மேலே பல்பு தொங்கவிட்டு, முதல் வாரம் 95 டிகிரி வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைத்து வரலாம். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஒதுங்கினால் சூடு அதிகம். வெப்பமானியைவிட இதைப் பார்த்தே சரிசெய்து கொள்ளலாம்.

கோழிக் குஞ்சுத் தீவனம் காடைக்குப் போதாது. முதல் மூன்று வாரம் 27 சதம், பிறகு 24 சதம் புரதம் தேவை. தீவனம் பொடியாக அரைத்ததாக இருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஆண் பெண் தெரிந்துவிடும். ஆணின் மார்பு செம்பழுப்பாகவும், பெண்ணின் மார்பு கரும்புள்ளிகளுடனும் இருக்கும். சாப்பிடும் முட்டைக்கு ஆண் தேவையில்லை. பொரிப்பதற்கு வேண்டியவை போக மீதி ஆண்களை 5 வாரத்தில் இறைச்சிக்கு விற்றுவிட வேண்டும்.

முட்டையிடும் பெட்டை தினமும் 30 கிராம் தீவனம் தின்னும். ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ. 250 முட்டை இட்டாலும், ஒரு முட்டைக்கு 44 கிராம் தீவனம் ஆகிறது. ஒரு கிலோ தீவன விலையை 22 ஆல் வகுத்தால் ஒரு முட்டையின் தீவனச் செலவு கிடைக்கும். 'ஆயிரம் கோழிக்கு அரைக் காடை' என்ற பழமொழியை நம்பி இறங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டு, உள்ளூர்க் கடையில் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று விசாரிப்பது நல்லது. காடை முட்டைக்கு எல்லா ஊரிலும் கிராக்கி இல்லை. 25 பெட்டைகளுடன் தொடங்கினால், விற்காத முட்டை வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகும்.

கோழி காலையில் இடும். காடை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் இடும். எனவே இருட்டிய பின் ஒரு முறை முட்டை சேகரிக்க வேண்டும். விளக்கையும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் தேவை. கோழிகளுடன் ஒரே கொட்டிலில் விடக் கூடாது.

சொந்தமாகப் பொரிப்போர் அதிகம் கவனிக்காதது ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் உடன்பிறந்தவற்றையே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால், கோழியைவிடக் காடையில் பொரிப்புத் திறன் விரைவில் சரியும். பெட்டி சரியில்லை என்று நினைத்து அதை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆண்களை வேறு பண்ணையிலிருந்து வாங்கிச் சேர்க்க வேண்டும். குஞ்சுகளுக்கும் பயிற்சிக்கும் அந்தந்த மாவட்டத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகலாம்.