விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை

மதில் காக்கும் போர்த்தொழிலை நம் முன்னோர் நொச்சி என்றனர். புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாகவே வகுத்துக் கூறும். மதுரை மதின்மேல் நிறுவப்பட்டிருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்திக் காட்டும். ஆகாய விமானம் தோன்றிய பின்னரோ, அகழியாலும் மதிலாலும் பயனில்லாது போயிற்று. வானையே வாயிலாகக் கொண்டு வரும் பகைவனைத் தடுக்கும் புதிய நொச்சி யாது என்பதை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

இது நமக்குப் புறம்பான ஆராய்ச்சியன்று. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள், ஈஸ்டர் திருநாட் காலையில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. 9-ஆம் நாள் திருகோணமலை தாக்குண்டது. அடுத்தது சென்னையே என்னும் அச்சம் பரவவே, இன்றியமையாத பணியில்லாதார் நகரைவிட்டு நீங்குதல் நலம் என அரசாங்கத்தார் அறிவித்தனர். மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அரசாங்க அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அவற்றுக்கு இடந்தந்த ஊர்களுள் நம் கோயமுத்தூரும் ஒன்று. ஒரு மாநகரம் தன் வானத்தைக் காக்கும் ஆற்றலில் நம்பிக்கை இழப்பின் யாது நேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனி, பறக்கும் விமானத்தைச் சுட்டு வீழ்த்துதல் ஏன் அரிதாயிற்று என்பதைக் காண்போம். மணிக்கு 240 மைல் வேகத்தில் ஒரு விமானம் செல்வதாகக் கொள்வோம். பீரங்கிக் குண்டு அதன் உயரத்தை எட்ட 20 விநாடி ஆகுமாயின், அதற்குள் விமானம் ஒன்றேகால் மைலுக்கு மேல் கடந்துவிடும். ஆகவே, விமானம் நிற்கும் இடத்தைக் குறிவைத்துச் சுடுபவன் வெறும் வானையே சுட்டவனாவான். தினைப்புனங் காப்பவள் பறக்கும் கிளிக்குச் சற்று முன்னே கவண்கல்லை எறிவது போல, விமானம் இனி எய்தப்போகும் இடத்தை அறிந்தே சுடவேண்டும். கவண் எறிபவளுக்குக் கண்ணும் கைப்பழக்கமும் போதும். ஐந்து மைலுக்கு அப்பால் பறக்கும் விமானத்துக்கு அவை போதா, கணிதம் வேண்டும்.

அக்கணிதத்தின் பொருட்டே கருவிகள் பல அமைந்தன. உயரமானி என்னும் நீண்ட தொலைநோக்கிக் கருவி விமானத்தின் உயரத்தை அளந்து கூறும். முன்கணிப்புப் பொறியில் இருப்போர் விமானத்தை இடைவிடாது நோக்கித் தொடர, அப்பொறி அதன் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டு, அது சென்று சேரும் இடத்தை உரைக்கும். அவ்விடை மின்கம்பி வழியே பீரங்கியிலுள்ள முகப்புகளில் முள்ளாகக் காட்டப்படும். பீரங்கி வீரர் விமானத்தை நோக்கவேண்டுவதில்லை; முள்ளுக்கு நேராகத் தம் பீரங்கியைத் திருப்பினால் போதும். இரவில் தேடொளி விளக்குகள் வானைத் துழாவின. முற்காலத்தில் ஒலியறி கருவிகள் செய்த வேலையைப் பின்னர் ரேடார் மேற்கொண்டு, காணாத விமானத்தையும் காட்டிற்று.

பீரங்கிகளும் இருவகைப்படும். பிரிட்டிஷாரின் கனரகப் பீரங்கியாகிய 3.7 அங்குலப் பீரங்கி 28 இராத்தல் எடையுள்ள குண்டை வானில் எறியும். குண்டின் மூக்கிலுள்ள பியூஸ் என்னும் நேரக்கருவி, குறித்த விநாடியில் அதனை வெடிக்கச் செய்து, சிதறும் துண்டுகளால் விமானத்தைத் தாக்கும். தாழப் பறந்து திடீரெனத் தோன்றும் விமானத்துக்கு இது தகாது. அதற்கு ஸ்வீடன் நாட்டு போபர்ஸ் நிறுவனத்தார் ஆக்கிய 40 மில்லிமீட்டர் இலகுரகப் பீரங்கி உதவிற்று. நந்நான்கு குண்டுகளாக மேலிருந்து இட, நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 குண்டுகளை உமிழும் வேகம் உடையது அது. ஆயினும் அதன் குண்டு விமானத்தின்மேல் பட்டு வெடித்தாலே பயன் தரும்.

இவற்றை ஆளும் படை அமைப்பையும் அறிதல் வேண்டும். யுத்தகாலப் பிரிட்டிஷ் முறையில் கனரக ரெஜிமெண்டு ஒன்று பெரும்பாலும் மூன்று பாட்டரிகளாகவும், பாட்டரி ஒவ்வொன்றும் நான்கு பீரங்கி கொண்ட இரண்டு டுரூப்புகளாகவும் பகுக்கப்பட்டன. ஆக 24 பீரங்கிகள். இலகுரக ரெஜிமெண்டிலோ பாட்டரி ஒன்றுக்கு 18 ஆக 54 பீரங்கிகள் இருந்தன. கனரகப் பீரங்கிகள் நான்கு நான்காக நின்றது காரணமின்றியன்று: நான்கும் ஒரே கணிப்பொறிக்கும் ஒரே கட்டளைக்கும் அடங்கி ஒருசேரச் சுடல்வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நிற்க. இத்தகைய படையை ஆராயப் புகுவார் பலர் பீரங்கிகளின் தொகையை எண்ணுவதோடு அமைவர். அஃது உடலை அளந்து உயிரை மறத்தலை ஒக்கும். கொழும்பையும் திருகோணமலையையும் ஒப்பிட்டு நோக்குக. ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நெருங்குவது ஏப்ரல் 4-ஆம் நாளே கண்டறியப்பட்டிருந்தும், மறுநாட் காலை இரத்மலானை விமான நிலையத்துக்கு உரிய எச்சரிக்கை எட்டவில்லை. பகை விமானங்கள் தலைக்குமேல் வந்த பின்னரே காவல் விமானங்கள் எழுந்தன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ரேடார் முன்னரே உணர்த்தியதால், காவல் விமானங்கள் வானேறிப் பகைவரை எதிர்நோக்கின. அங்கும் சேதம் மிகுதியே. எனினும் காவலர் உறக்கத்தில் அகப்படவில்லை. காண்பவனுக்கும் கணிப்பவனுக்கும் சுடுபவனுக்கும் இடையே உள்ள தொடர்பில் ஒரு கண்ணி அறுந்தாலும், எத்துணைப் பீரங்கி இருந்தும் பயனில்லை என்பது இதனாற் பெறப்படும்.

கடலுக்கு எட்டி இருக்கும் கொங்கு நாட்டார் இதனைப் பிறர் கவலையென எண்ணுதல் கூடாது. அந்த யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையமொன்று ‘கருடா’ என்னும் பெயருடன் கோயமுத்தூரில் நடைபெற்றது. இன்றும் சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கின்றது. கோயமுத்தூருக்கும் சூலூருக்கும் இடைப்பட்ட தொலைவை மேற்கூறிய பழைய விமானமே ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் கடக்கும். இக்கால விமானத்துக்கு அத்துணை நேரமும் வேண்டா. இந்தியத் தரைப்படையின் வான்காப்புப் பிரிவு பீரங்கிப் படையினின்று பிரிந்து 1994-ஆம் ஆண்டு முதல் தனிப்படையாக இயங்கி வருகின்றது. ஏவுகணைகளும் மின்னணுக் கருவிகளும் இந்நாளில் பெருகியுள்ளன. ஆயினும் புதிய நொச்சியின் இலக்கணம் மாறவில்லை: முந்தி அறிதல், பிழையின்றிக் கணித்தல், ஒருங்கே செயற்படல். கல்லால் எழுப்பிய மதில் போய், மக்களின் ஒற்றுமையால் எழுப்பிய மதில் அவ்விடத்தில் நிற்கின்றது.