மலையேறும் லோரிகள் – 9: பம்பைக் கழற்றுவதற்கு முன்

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றிய லோரி ஏற்றத்தில் இழுக்காமல் திணறுகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0087 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரெயிலில் டீசல் அழுத்தம் போதவில்லை என்பது அந்த எண்ணின் பொருள். ஏன் போதவில்லை என்பதை அது சொல்லாது. ஆனாலும் பழி உடனே ஹை பிரஷர் பம்பின் தலையில் விழுகிறது. காமன் ரெயில் எஞ்சினில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. பம்பில் கை வைக்குமுன், டேங்கிலிருந்து அதற்கு டீசல் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று அளந்தே ஆகவேண்டும். கேமரன் மலையில் இதை வலியுறுத்தக் கூடுதல் காரணங்கள் உண்டு.

பல லோரிகளில் டேங்கில் மின்பம்பு கிடையாது. எஞ்சினில் உள்ள பம்பே ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சுவது என்கிறோமே தவிர, உண்மையில் டீசலைத் தள்ளிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம். 1,200 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. கீழே சமாளித்துவிடும் பாதி அடைத்த ஃபில்டர் இங்கே கழுத்தறுக்கும். அடுத்தது குளிர். 2019-இல் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலந்த பி10 நாட்டில் கட்டாயமானபோது, கேமரன் மலை, கெந்திங், குண்டாசாங் ஆகிய மேட்டுநிலங்களுக்கு பி7 என விலக்கு கிடைத்தது. காரணம் குளிர்தான். ஆனால் சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக ஏறும் லோரி, கீழ்நாட்டு டீசலோடுதான் இரவு முழுக்க இங்கே நிற்கிறது. பத்து விழுக்காட்டுக் கலவை 15 டிகிரியில் உறையுமா என்று கேட்கலாம். உறையாது. ஆனால் செம்பனை டீசலில் எஞ்சியிருக்கும் மோனோகிளிசரைடுகள் குளிரில் பிரிந்து, ஃபில்டர் தாளில் வெண்மையான பசையாகப் படியக்கூடும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டி-இணைப்பு போட்டு ஒரு வேக்குவம் கேஜ், கூடவே ஒரு சாண் கண்ணாடிக் குழாய். லோரியில் மின்பம்பு இருந்தால் வேக்குவம் கேஜுக்குப் பதில் பிரஷர் கேஜ். நின்ற இடத்தில் ஐடிலில் பார்த்தால் போதாது. பாரத்தோடு ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். பிறகு கேஜை ஃபில்டருக்கு முன்னால் மாற்றியும் பார்க்கவேண்டும். ஃபில்டருக்குப் பின்னால் வேக்குவம் ஏறி, முன்னால் ஏறாவிட்டால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. முன்னாலேயே ஏறினால் டேங்க் சல்லடையையும் ஹோஸையும் பாருங்கள். முள் அமைதியாக இருந்தும் குழாயில் குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. இவை எல்லாம் சரியென்றால்தான் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு, இன்ஜெக்டர் ரிட்டர்ன், கடைசியாகப் பம்பு.

ஃபில்டரை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்பது நியாயமான கேள்வி. மாற்றலாம். ஆனால் புது ஃபில்டர் ஹோஸில் விழுந்த விரிசலை மூடாது. வெயில் ஏறிய பிறகு வர்க்‌ஷாப்புக்கு வரும் லோரியில் படிவும் ஓரளவு இளகியிருக்கும், கோளாறு கண்ணில் படாது. அதனால் விடியற்காலையிலேயே, கோளாறு காட்டும் நேரத்திலேயே அளக்கவேண்டும். அதற்கு நேரமில்லை, இரவுச் சந்தைக்குச் சரக்கு போயாக வேண்டும் என்பார்கள். கேஜைப் பொருத்த ஆகும் நேரம் பம்பைக் கழற்ற ஆகும் நேரத்தில் ஒரு சிறு பங்கு. பழைய எஞ்சினில் செய்ததுபோல இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிட்டாக வேண்டும்: ரெயிலில் ஐடிலிலேயே நூற்றுக்கணக்கான பார், பாரம் இழுக்கையில் ஆயிரத்துக்கும் மேல். மயிரிழைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். ரெயில் அழுத்தத்தை ஸ்கேனரில் மட்டும் பாருங்கள், விரலால் தேடாதீர்கள்.