கரிசல் ஊர்ப் பட்டறைக்கு ஏற்ற மின்பெட்டி

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில், சதுரகிரி மலையின் அடிவாரம் வரை பரந்து கிடக்கும் பேரையூர் வட்டத்தில், வீட்டை ஒட்டிய கார் ஷெட்டோ தகரக் கொட்டகையோ நாளடைவில் சிறு பட்டறையாக மாறிவிடுவது வழக்கமாகியிருக்கிறது. கலப்பைக் கொழுவைப் பற்றவைக்க ஒரு வெல்டிங் இயந்திரம், இரும்பு அறுக்க ஒரு கட்டிங் மெஷின், டயருக்குக் காற்றுப் பிடிக்க ஒரு கம்ப்ரெசர் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்போது, இவை எல்லாவற்றுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டி மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. கடையில் நின்று எத்தனை ஸ்விட்ச் கொள்ளும் என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். கரிசல் மண்ணில் தன் சொந்த எர்த் குழியை நம்பி வேலை செய்கிறவருக்கு முதலில் எழ வேண்டிய கேள்வி, இயந்திரத்தின் இரும்பு உடலில் மின்சாரம் ஏறினால் இந்தப் பெட்டி அதை எவ்வளவு விரைவில் துண்டிக்கும் என்பதே.

பெட்டிக்குள் வரிசையாக அமரும் எம்சிபி என்னும் சிறு துண்டிப்பான், பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டையின் இடத்துக்கு வந்த கருவியாகும். 1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹியூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அதில் இணைத்த இரண்டு செயல்முறைகளே இன்றும் அதனுள் இருக்கின்றன. அளவுக்கு மேல் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால், இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு சூடாகி வளைந்து மெதுவாகத் துண்டிக்கும். ஷார்ட் ஆகி நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாய்ந்தால், ஒரு காந்தச் சுருள் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். இவ்விரண்டும் சுவருக்குள் ஓடும் வயரை எரியாமல் காப்பதற்காக அமைந்தவையே தவிர, இயந்திரத்தைத் தொட்டு நிற்கும் மனிதரை மனத்தில் கொண்டு அமைந்தவை அல்ல. பட்டறை வைத்திருப்போரில் பலர் அறியாத உண்மை இது; விபத்துக்கு வழிவிடுவதும் இந்த அறியாமைதான்.

இதன் காரணம் மண்ணில் இருக்கிறது. கிராமங்களில் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டுமே. எர்த் கம்பியை வீட்டுக்காரர் தன் நிலத்தில் குழி வெட்டி, குழாய் இறக்கித் தாமே அமைத்துக்கொள்கிறார். இயந்திரத்துக்குள் ஃபேஸ் வயரின் மேலுறை கிழிந்து இரும்பு உடலைத் தொட்டால், அந்த மின்சாரம் எர்த் கம்பி வழியாகக் குழிக்குள் இறங்கி, மண்ணின் ஊடாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். வீட்டு எர்த்தின் தடை 8 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் தடை 2 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாயக்கூடியது 23 ஆம்பியர் மட்டுமே. 16 ஆம்பியர் எம்சிபி தன் அளவைப் போல் 1.45 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் துண்டித்தால் போதும் என்பது தரவிதி. அந்த எல்லை 23.2 ஆம்பியர். ஆக, இயந்திரத்தின் உடலில் ஏறத்தாழ 184 வோல்ட் நிற்கும்போதும் எம்சிபி தன் கடமையில் தவறாமலே சும்மா இருக்கலாம்.

கோடையில் நிலைமை இன்னும் மோசமாகும். ஈரமான கரிசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் மண்தான். ஆனால் காய்ந்தால் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழாயை விட்டு விலகி நிற்கும். மழைக்காலத்தில் 8 ஓமாக இருந்த தடை பல மடங்கு உயர்ந்துவிடும். அது 50 ஓமுக்கு ஏறிவிட்டால், பழுதின்போது பாயும் மின்னோட்டம் 4.4 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. கையில் பிடிக்கும் சிறு கிரைண்டர் ஒன்று எடுக்கும் மின்னோட்டமும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், ஓடும் கிரைண்டருக்கும் உயிர் குடிக்கும் கசிவுக்கும் எம்சிபியால் வேறுபாடு காண முடியாது. கரியும் உப்பும் போட்டு எர்த் குழி நிரப்பும் பழைய வழக்கத்தில் உப்பு மழையில் கரைந்து போவதோடு குழாயையும் அரித்துவிடுகிறது. இப்போது விற்பனையில் உள்ள பெண்டோனைட் களிமண் கலவை ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைப்பதால், கரிசலுக்கு அதுவே மேல். எதைப் போட்டாலும் பங்குனி தொடங்கி மழை வரும் வரை குழிக்குத் தண்ணீர் ஊற்றி வருவது அவசியம்.

இந்த இடத்தில்தான் ஆர்சிசிபி என்னும் கசிவுத் துண்டிப்பான் தேவைப்படுகிறது. ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது; இரண்டுக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு, வேறுபாடு தோன்றினால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது அதற்கான தரவிதி. மேலே சொன்ன 4.4 ஆம்பியர் கசிவு அதன் எல்லையைப் போல் ஏறத்தாழ 147 மடங்கு என்பதால், காய்ந்த மண்ணிலும் அது உறுதியாகச் செயல்படும். தமிழ்நாட்டில் புதிய இணைப்புகளுக்கு இது விதிப்படி கட்டாயம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் இணைப்பு வாங்கிய வீட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோகிறவர், அந்தப் பழைய வீட்டில் இது இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

ஆர்சிசிபி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அது கசிவை மட்டுமே கவனிக்கும். மிகுதியான லோடையோ ஷார்ட்டையோ துண்டிக்காது என்பதால் அதோடு எம்சிபியும் இருந்தே ஆக வேண்டும். ஏசி வகை, ஏ வகை என்று இரண்டு கிடைக்கின்றன. இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம், வேகம் கூட்டிக் குறைக்கும் டிரில் போன்ற மின்னணுச் சுற்று கொண்ட கருவிகளின் கசிவை ஏசி வகை சில வேளைகளில் உணராமல் போகும் என்பதால், விலை சற்றுக் கூடினாலும் பட்டறைக்கு ஏ வகையே பொருந்தும். ஆர்சிசிபியைக் கடந்து போன நியூட்ரலை வீட்டின் வேறு நியூட்ரலோடு எங்கும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தால் இந்தத் தவறு எளிதாக நேர்ந்துவிடுகிறது. தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியையே கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடுவது, பிழையான வயரிங்குக்காகக் காவலைத் தண்டிப்பதாகும். பட்டறை விளக்குகளுக்கும் இயந்திரங்களுக்கும் தனித்தனி ஆர்சிசிபி வைப்பது நல்லது. ஒரே ஆர்சிசிபி இருந்தால் கிரைண்டரில் கசிவு ஏற்பட்டதும் விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும். கிரைண்டரின் சக்கரமோ மின்சாரம் போன பின்னும் சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும்.

அடுத்தது எம்சிபியின் அளவும் வகையும். 2 குதிரைத்திறன் கொண்ட சிங்கிள் ஃபேஸ் கம்ப்ரெசர் ஓடும்போது ஏறத்தாழ 11 ஆம்பியர் எடுக்கிறது. ஆனால் கிளம்பும் முதல் நொடியில் அதைப் போல் ஐந்தாறு மடங்கு, அதாவது 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பி வகை எம்சிபி தன் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் உடனடியாகத் துண்டிக்கும். எனவே 16 ஆம்பியர் பி வகை 48 முதல் 80 ஆம்பியருக்குள் ட்ரிப் ஆகி, கம்ப்ரெசர் கிளம்பும் போதெல்லாம் தொல்லை தரக்கூடும். 16 ஆம்பியர் சி வகையோ 80 ஆம்பியர் வரை பொறுத்துக்கொள்ளும். வகையை மாற்ற வேண்டிய இந்த இடத்தில் அளவை மாற்றி, 2.5 சதுர மி.மீ. வயரின் தலையில் 32 ஆம்பியர் எம்சிபியை வைத்துவிடுவது பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் தவறு. அப்படிச் செய்தால் மிகுதியான லோடில் எம்சிபிக்கு முன்பே வயர் சூடேறி உருகத் தொடங்கிவிடும். ஃபியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிய காலத்தின் பழக்கம் எம்சிபி காலத்திலும் வேறு உருவில் தொடர்கிறது.

வீட்டு மெயின் போர்டிலிருந்து கொட்டகை எவ்வளவு தொலைவு என்பதும் கணக்கில் சேரும். 30 மீட்டர் தொலைவுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இழுத்தால், போக வர 60 மீட்டரில், கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் ஏறத்தாழ 30 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். மாலையில் ஏற்கெனவே 200 வோல்ட்டுக்குச் சரியும் ஊரில் அதற்குப் பின் மோட்டார் சுழல முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அதே தொலைவுக்கு 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 13 வோல்ட் அளவில் நின்றுவிடும்.

வெல்டிங் இயந்திரம் வந்துவிட்டால் கணக்கு வேறு. 3.15 மி.மீ. ராடை 100 ஆம்பியரில் எரிக்கும் சிறு இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம் மின்வரத்திலிருந்து 17, 18 ஆம்பியர் எடுக்கும்; அதே இயந்திரத்தை 200 ஆம்பியர் வரை திருப்பினால் தேவை 40 ஆம்பியரைத் தொடும். தமிழ்நாட்டில் மொத்த லோடு 4 கிலோவாட்டைத் தாண்டினால் த்ரீ ஃபேஸ் இணைப்பே வழங்கப்படுகிறது என்பதால், வெல்டிங்கும் கம்ப்ரெசரும் சேர்ந்த பட்டறைக்கு சிங்கிள் ஃபேஸில் பெட்டி தேடுவது வீண். த்ரீ ஃபேஸ் மோட்டார் வைப்பவர், மூன்றில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டரை ஸ்டார்ட்டரோடு சேர்த்து வாங்க வேண்டும். மீதி இரண்டு ஃபேஸில் தொடர்ந்து ஓடும் மோட்டாரின் காயில் சில நிமிடங்களில் கருகிவிடும். கூலிக்கு வேலை செய்து வருமானம் பார்க்கும் பட்டறையை வீட்டு இணைப்பில் ஓட்டுவது, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடாகும். அதற்கு இரு மடங்கு கட்டணம் விதிக்க முடியும். குடிசைத் தொழில்களுக்கெனத் தனிக் கட்டண வகை இருக்கும்போது அந்த ஆபத்தைச் சுமக்கத் தேவையில்லை.

கிராமத் தொழில்களுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது பேரையூருக்கு அருகிலுள்ள டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். 1960-இல் அவர் மறைந்தார். வீட்டு முற்றத்திலேயே தொழில் நடக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் மின்கருவிகளின் காலத்தில் நிலைக்க வேண்டுமானால், ஆலையில் வேலை செய்பவருக்குச் சட்டம் தரும் மின் பாதுகாப்பு, முற்றத்தில் வேலை செய்பவருக்கும் அங்கே விளையாடும் குழந்தைக்கும் குறையாமல் கிடைத்தாக வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை, எட்டு வழி என்று எழுதிய சிங்கிள் ஃபேஸ் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு இடம் மெயின் ஸ்விட்சுக்கே போய்விடும். அதற்குப் பின் ஆர்சிசிபி ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இடம் பிடிக்கும் என்பதால் இயந்திரங்களுக்கு மிஞ்சுவது இரண்டோ நான்கோதான். பன்னிரண்டு வழிக்குக் குறைந்து வாங்குவதில் பயனில்லை. த்ரீ ஃபேஸ் பெட்டியில் நான்கு வழி என்றால் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நான்கு, ஆகப் பன்னிரண்டு என்று பொருள். இரும்புத் தூளும் மரத்தூளும் பறக்கும் இடத்தில், தூசியைத் தடுக்கும் ஐபி 54 தரத்து உலோகப் பெட்டி வேண்டும். எம்சிபி 30 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டு அளவிடப்பட்டது என்பதால், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு நேர் கீழே மாட்டிய பெட்டி தன் அளவை எட்டும் முன்பே துண்டிக்கும். கூரையை விட்டு விலகி, வெயில் படாத சுவரில் நெஞ்சளவு உயரத்தில் மாட்டினால் அந்தத் தொல்லை குறையும். எம்சிபியிலும் ஆர்சிசிபியிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் பெற்ற வயர்மேனிடம் வேலையை ஒப்படைத்து, முடித்த அன்று எர்த் டெஸ்டரால் குழியின் தடையை அளந்து, அந்த எண்ணைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்வது நல்லது. ஆண்டுதோறும் அதை மீண்டும் அளக்க ஏற்ற காலம் மண் முழுக்கக் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே. ஐப்பசி மழையில் அளந்த எண் கோடையில் செல்லாது. ஆர்சிசிபியின் முகப்பில் டி (T) என்ற எழுத்தோடு இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் துண்டிக்கவில்லை என்றால் அன்றே அதை மாற்றிவிட வேண்டும்.