உங்களுக்குத் தெரியுமா? துணைப் பிரதமர் தானாகவே பிரதமராகிவிட முடியாது!

அமெரிக்கத் தொடரான 'டெசிக்னேட்டட் சர்வைவ'ரில், தலைவர்கள் எல்லாரும் குண்டுவெடிப்பில் மாண்டுபோக, வீட்டு வசதி அமைச்சர் ஒரே இரவில் அதிபராகிறார். அங்கே வாரிசு வரிசை சட்டத்திலேயே உண்டு. மலேசியாவில் அப்படி ஒரு வரிசையே கிடையாது. நாடாளுமன்றப் பெரும்பான்மையின் நம்பிக்கை யாருக்கு என்று மாமன்னர் கருதுகிறாரோ, அவரே பிரதமர். அரசமைப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு சொல்வது இதைத்தான்.

2020 பிப்ரவரி 24 அன்று பிரதமர் துன் மகாதீர் பதவி விலகியதும் அமைச்சரவை கலைந்தது. துணைப் பிரதமர் வான் அசிசாவின் பதவியும் அதோடு போயிற்று. மாமன்னர் எம்.பி.க்களை அரண்மனைக்கு அழைத்து, தனித்தனியே கேட்டறிந்தார். வாசலில் காத்துக்கிடந்த செய்தியாளர்களுக்குத் தம் கையாலேயே பர்கர் கொடுத்தார். எந்தக் கதாசிரியருக்குத் தோன்றும் இப்படியொரு காட்சி!

மார்ச் 1இல் ஜொகூரின் பாகோ எம்.பி. முகிதீன் பிரதமரானார். அதே ஜொகூரிலுள்ள நம் ஆயர் ஈத்தாமுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 2018 தேர்தலில் மலேசியச் சீனர் சங்கம் (ம.சீ.ச.) வென்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதி இதுதான், அதுவும் வெறும் 303 வாக்கு வித்தியாசத்தில். அப்படித் தப்பிப் பிழைத்த வீ கா சியோங், முகிதீன் அமைச்சரவையில் போக்குவரத்து அமைச்சரானார்.